அண்ணாவுக்கு அந்தியேட்டி செய்யலாமா?

கனடாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணாவை 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ராணுவத்திடம் ஒப்படைத்திருக்கிறார். அண்ணாவுக்கு அப்போது 19 வயது. புலிகள் இயக்கத்தில் இருந்தது நாலு மாதம், அதுவும் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனதால். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதுதான் கடைசி. இப்போது அம்மா இவருடன் ஸ்காபரோவில். நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு குறைவு. குடும்ப வைத்தியர் பி.டி.எஸ்.டி (கொடுமைக்குப் பிறகு வருகிற மனவடு நோய்) என்று எழுதிவிட்டார். 2025 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள் அல்லவா, அந்தப் படங்களை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "செம்மணி தொண்ணூறுகளின் கதை, அண்ணாவைக் கொடுத்தது வன்னியில். எவ்வளவு சொன்னாலும் கேட்கிறார் இல்லை."

கேள்விகள் மூன்று. இது வருத்தமா, வைத்தியத்தால் மாறுமா? மாமா சொல்வதுபோல அந்தியேட்டி (இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்கிற கிரியை) செய்து ஒரு முடிவுக்குக் கொண்டுவரலாமா? போராட்டம், புதைகுழி, ஜெனீவா ஐ.நா. கூட்டம் என்று அம்மா பார்க்கிற அரசியல் செய்திகளை நிறுத்திவிட்டால் சுகம் வருமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நித்திரையின்மைக்கும் படபடப்புக்கும் வைத்தியம் உண்டு, பிந்தாமல் செய்யுங்கள். அந்தியேட்டிப் பேச்சை நீங்களோ மாமாவோ எடுக்க வேண்டாம். செய்தியை நிறுத்த வேண்டாம், ஆனால் பார்க்கிற நேரத்தை மாற்றுங்கள். ஏன் என்பதுதான் நீளம்.

வைத்தியர் எழுதிய பெயரிலிருந்து தொடங்குகிறேன். பி.டி.எஸ்.டி என்ற பெயர் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல். அது ஆய்வுகூடத்தில் மட்டும் பிறந்த பெயர் இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் நியூயார்க்கில் தாங்களாகவே கூடி உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். சைம் ஷட்டான், ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல வைத்தியர்கள் அந்த வட்டங்களில் போய் இருந்தார்கள். போரை எதிர்த்தவர்கள் வருடக்கணக்கில் வாதாடி அந்தப் பெயரைக் கையேட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும்போது இதை மறக்க வேண்டாம்: நோயின் பெயரே அரசியலால் கிடைத்தது.

அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் பொருள் 'பிறகு'. ஒரு கொடுமை நடந்து முடிந்தது, அதற்குப் பிறகும் உடம்பு அதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் துள்ளுகிறது, கனவில் திரும்ப ஓடுகிறது. இதுதான் அந்த நோயின் கணக்கு. ஷெல் விழுந்ததற்கு, பங்கருக்குள் கண்ட சாவுக்கு இந்தக் கணக்கு சரி. உங்கள் அம்மாவுக்கும் அவை இருக்கும். போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால்வரை போய் வந்தவருக்கு இல்லாமலா? ஆனால் அண்ணாவின் விஷயத்தில் 'பிறகு' இன்னும் வரவில்லை.

நம்முடைய இலக்கணத்தில் முடிந்துபோன காலத்துக்கு என்ன பெயர்? இறந்தகாலம். வன்னியில் நான் சந்தித்த தாய்மாரில் ஒருவர்கூட மகனைப் பற்றி இறந்தகாலத்தில் பேசி நான் கேட்டதில்லை. "அவனுக்கு மீன்தலை எண்டால் பிடிக்கும்." "அவன் ஆரோடையும் அதிகம் கதையான்." வயதைக் கேட்டால் விரல் மடித்து எண்ணி, "இப்ப முப்பத்தி நாலு" என்பார்கள். மகன் அவர்கள் வாயில் ஒவ்வொரு வருடமும் வளர்கிறான். தெரியாத வைத்தியர் இதைக் கேட்டால் 'உண்மையை ஏற்க மறுக்கிறார்' என்று எழுதுவார். எந்த உண்மையை? அது இன்னும் ஒருவராலும் அவருக்குச் சொல்லப்படவில்லையே.

பாலின் பாஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இந்த நிலையைப் பிரித்துப் பார்த்தார். வியட்நாம் போரில் விமானத்தோடு காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது, இவர்களுடைய துக்கம் சாதாரணத் துக்கத்தின் வழியில் போகவில்லை என்று கண்டார். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று முடிவும் இல்லை. முடிவில்லாத இழப்பு என்று சொல்லலாம். அவர் வலியுறுத்திய விஷயம் முக்கியமானது: இது அந்த மனிதரின் மனதில் உள்ள கோளாறு இல்லை, கோளாறு அவர் நிற்கிற சூழ்நிலையில். அதனால் சிகிச்சையில் 'ஏற்றுக்கொள்' என்று தள்ளக்கூடாது. இரண்டு நினைப்பையும் ஒரே கையில் வைத்திருக்கப் பழக்க வேண்டும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டே இன்றைக்குச் சோறு சமைக்கலாம், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகலாம்.

செம்மணிப் படங்களுக்கும் இதுவே பதில். சம்பந்தம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியாதா? வன்னியின் ஒவ்வொரு ஒழுங்கையும் தெரிந்தவர். ஆனால் பதினாறு வருடமாக அவருக்குக் கிடைத்த 'உறுதியான' தகவல்களில் எது உறுதியாக நின்றது? பஸ்ஸில் ஏற்றியவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் சொல்லாதபோது, எந்த இடத்தையும் விலக்க அவருக்கு ஆதாரம் இல்லை. ஆகவே எல்லாச் சட்டையையும் பார்த்தாக வேண்டும். 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த இடம் அது. பார்க்காமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

சரி, குளிசைக்கு வருவோம். போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடுவீடாக எடுத்த ஓர் ஆய்வு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. அதில் பி.டி.எஸ்.டி அறிகுறிகள் இருந்தவர்கள் 100க்கு 7 பேர். மனச்சோர்வு 22 பேருக்கு, பதற்றம் 33 பேருக்கு. அதாவது நம்முடைய ஆட்களில் அதிகம் பேரை அழுத்துவது சோர்வும் பதற்றமும். அவை பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும்: நெஞ்சிடி, தலையிடி, கைகால் உளைவு, பெருமூச்சு. 'எனக்கு மனம் சரியில்லை' என்று எந்த அம்மாவும் வைத்தியரிடம் போய் உட்காரமாட்டார். ஆகவே குடும்ப வைத்தியரிடம் மனச்சோர்வையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான குளிசைகள் வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். நாலாம் நாள் 'ஒன்றும் மாறவில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். வெறும் நித்திரைக் குளிசையைத் தந்து அனுப்பினால், எத்தனை கிழமைக்கு என்று கேளுங்கள். அது பழகிவிடுகிற சாமான்.

'குளிசை போட்டால் அண்ணாவை மறந்துவிடுவேன்' என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டார். கிளிநொச்சியில் ஒரு தாய் குளிசையை மூன்று மாதம் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டுபோய் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்திருக்கிறார். ஏன் என்று கேட்டபோது, "நான் நிம்மதியா நித்திரை கொண்டால் அவனை ஆர் நினைக்கிறது?" என்றார். நித்திரை கொள்ளாமல் இருப்பது அவருக்கு மகனுக்காகச் செய்கிற வேலை. "நீங்கள் நல்லா இருந்தால்தானே அம்மா அவனைத் தேடலாம்" என்று சொன்னதும் குளிசையை விழுங்கினார். மற்ற அறிவுரை எதுவும் அவரிடம் வேலை செய்யவில்லை.

இன்னொரு காரியம். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க நீங்கள் உட்காராதீர்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், ஒன்ராறியோவில் ஒழுங்கு செய்யலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அம்மா நித்திரை, நெஞ்சுவலி என்று மட்டுமே சொல்லுவார். அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு: கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

இந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வன்னியில் பல தாய்மாரிடம் கண்டேன். ஷெல்லில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைவிட, கையில் பிடித்துக் கொடுத்த தாயின் நிலைமை மோசம். "உங்களில் பிழை இல்லை அம்மா" என்று சொல்லி ஒரு பலனும் இல்லை. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையாட்டுவார்கள், அடுத்த கிழமை அதே இடத்தில் நிற்பார்கள். பிறகுதான் அந்த நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கேட்கத் தொடங்கினேன். ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள்? 'இயக்கத்தில் ஒருநாள் இருந்தாலும் பதியுங்கள், பதியாமல் பிறகு பிடிபட்டால் தண்டனை.' பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? மகன் என்ன சொன்னான்? கொடுக்காமல் விட்டிருந்தால் எங்கே போயிருப்பீர்கள், எத்தனை நாள் ஒளித்திருப்பீர்கள், ஆர் காட்டிக்கொடுத்திருப்பார்கள்? ஒரு தாய் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்து இடையில் நின்றார். "அங்கை வேறை வழியே இருக்கேல்லையே," என்றார், யாரையோ முதல்தடவை பார்க்கிற மாதிரி. நான் சொல்லாததை அவரே கண்டுபிடித்தார். இதைப் பழகிய ஆள் செய்ய வேண்டும், அவசரம் இல்லாமல் செய்ய வேண்டும். சுனாமிக்குப் பிறகு ஒரு பயிற்சிப் பட்டறைச் சான்றிதழோடு முகாம் முகாமாகப் போய், கண்ட ஆட்களையெல்லாம் 'நடந்ததைச் சொல்லுங்கோ' என்று அழவைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒருதடவை கொட்டவைத்துவிட்டுப் போவது மனவடுவைத் தடுக்காது, சிலருக்குக் கூட்டும் என்று அதற்கு முன்னமே ஆய்வுகள் சொல்லிவிட்டன.

உங்கள் அம்மா அந்தக் கதையைச் சொல்லாதவரும் இல்லை. நான் சந்தித்த ஒவ்வொரு தாயிடமும் ஒரு சொப்பிங் பை இருக்கும். அதற்குள் ஒரு ஃபைல். செஞ்சிலுவைக்குக் கொடுத்த பதிவு, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமை ஆணைக்குழு இலக்கம், ஆணைக்குழு மாறி ஆணைக்குழு கொடுத்த ரசீதுகள். லேமினேட் செய்த படம் வெயிலில் நீலம்பூத்து, திரும்ப எடுத்து, திரும்ப லேமினேட் செய்தது. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓர் அமர்வில் ஒரு தாய் முக்கால் மணித்தியாலம் சொல்லி முடிக்க, கடைசிக் கேள்வி 'வாழ்வாதார உதவி ஏதும் தேவையா?' என்று வந்தது. ஒரே கதைதான். கேட்கிறவர் ஏதாவது செய்யப்போகிறார் என்றால் சொல்பவருக்குப் பாரம் குறைகிறது. ரசீது கொடுப்பதற்காகக் கேட்டால் புண் திரும்பப் பிய்கிறது. ஆகவே வைத்தியரோ உளவளத்துணையாளரோ கேட்கும்போது அம்மா சுருங்கினால், 'ஒத்துழைக்கவில்லை' என்று நினைக்காதீர்கள்.

இனி அந்தியேட்டி. மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். நம்முடைய சடங்குகளுக்குப் பலம் உண்டு. எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாளும், கீரிமலையும் துக்கத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டிக்கொடுக்கின்றன. ஆனால் மாமாவிடம் ஒரு கேள்வி: எந்தத் திதியில் செய்வது? பிறப்பை நட்சத்திரத்தாலும் இறப்பைத் திதியாலும் கணக்கு வைக்கிற ஆட்கள் நாங்கள். கோயிலில் அர்ச்சனைத் துண்டு எழுதும்போது அம்மா அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பார், கவனித்திருப்பீர்கள். அது உயிரோடு இருக்கிறவர்களின் வரிசை. அவரை நட்சத்திரத்திலிருந்து திதிக்கு வரச்சொல்கிறார் மாமா. தினம் தெரியாமல் அந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னால், செத்த நாளை அம்மாவே தீர்மானிக்க வேண்டி வருகிறது. ஏற்கெனவே 'கொடுத்தது நான்' என்கிற தாய்க்கு 'முடித்ததும் நான்' என்றாகிவிடும்.

அரசாங்கமும் இதையேதான் கேட்டது. வருடக்கணக்காக மரணச் சான்றிதழை எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்றார்கள். 2016இல்தான் சட்டத்தைத் திருத்தி, இறந்ததாகச் சொல்லாமல் 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும் உறுதிசெய்கிற சான்றிதழுக்கு வழிவைத்தார்கள். காணி, வங்கிக்கணக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவும். மகன் செத்தான் என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். அந்தக் கிழமை எத்தனை தாய்மார் சாப்பிடாமல் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எப்போது, எங்கே, யார் கையில், உடல் எங்கே? ஒன்றும் இல்லை. திதி இல்லாத மரணத்தை மேலேயிருந்து அறிவித்தால் துக்கம் முடிந்துவிடுமா?

அம்மாவே ஒருநாள் 'செய்வோம்' என்றால் செய்யுங்கள். சிலர் அப்படி வந்திருக்கிறார்கள், சில மாதத்துக்குப் பிறகு திரும்பத் தேடவும் தொடங்கியிருக்கிறார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற காரியங்கள் உண்டு. அவர் பிறந்த நட்சத்திரத்தில் அன்னதானம், ஒரு பிள்ளையின் படிப்புச்செலவு, கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். இருந்தால் ஆயுளுக்கு, இல்லாவிட்டால் ஆத்மாவுக்கு. மட்டக்களப்புப் பக்கம் தொண்ணூறுகளில் அம்மன் கோயில்களில் உருவந்து சொல்கிறவர்களிடம் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் வரிசையில் நின்றதைப் பட்ரீஷியா லாரன்ஸ் என்ற மானுடவியலாளர் பதிவுசெய்திருக்கிறார். வாய்திறந்தால் ஆபத்தாக இருந்த காலத்தில் அம்மன் முன்னால்தான் அழ முடிந்தது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 'ரகசிய முகாமில் உங்கள் மகனைக் கண்டேன், இரண்டு லட்சம் தந்தால் கதைக்கவிடுவேன்' என்று போன் எடுக்கிறவன் வேறு சாதி. அம்மா முன்னம் அப்படி யாருக்காவது காசு கொடுத்திருந்தால் ஏசாதீர்கள். இனி வந்தால் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி, அரசியல். 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டக் கொட்டில் போட்டு இருந்தார்கள். நாலு நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. எனக்குச் சிகிச்சையில் ஒரு வருடமாக ஒரு அசைவும் காட்டாத ஒருவரை அங்கே கண்டேன். பக்கத்திலிருந்தவரின் தலையில் ஈர் பார்த்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் 'விசர் பிடிச்ச மனுசி', வெற்றிலைக்கடையில் 'பாவம்', கிராம சேவகருக்குத் தொல்லை. கொட்டிலில் அவர் ஒரு தாய், பல தாய்களில் ஒருவர். 'காணாமல்போனோர்' என்று எல்லாரும் சொன்ன சொல்லை 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று திருத்திச் சொல்லவைத்ததும் இந்தப் பெண்கள்தான். அந்த ஒரு வினைச்சொல் மாறினால் 'கொடுத்தது நான்' என்பதும் கொஞ்சம் அசைகிறது. ஆக்கியவர் ஒருவர் உண்டு என்றாகிவிடுகிறது.

அந்தப் போராட்டத்தைக் கோயிலாக்கவும் நான் வரவில்லை. பிரிவினைகள் வந்தன, வெளிநாட்டுக் காசுச் சண்டை வந்தது, தேர்தல் காலத்தில் மாலையோடு வந்தவர்கள் வந்தார்கள். 'அழுங்கோ அம்மா' என்று மைக்கை நீட்டுகிற கமராக்காரரும் வந்தார்கள். தெற்கிலும் இதே கதைதான். சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1990இல் அன்னையர் முன்னணி தொடங்கினார்கள். அவர்களுக்காக அன்று குரல்கொடுத்த எம்.பி.க்களில் ஒருவர், பிறகு 2009இல் ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ச. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிப்பாருங்கள், சிரிப்பாரா ஏசுவாரா தெரியாது.

அழுகைக்கே தடை இருக்கிற இடத்தில் அரசியலையும் துக்கத்தையும் பிரித்து வைக்க முடியாது. இயக்கப் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இடித்துச் சமப்படுத்தினார்கள். 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு யாழ் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள், பிறகு எதிர்ப்பு வந்து திரும்பக் கட்டவேண்டி வந்தது. 2024 மேயில் சம்பூரில், போரின் கடைசி நாட்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களைக் கைதுசெய்தார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும். போர் சனங்களின் கூட்டுவாழ்வையே காயப்படுத்தியது, தனியாளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் போதாது என்று யாழ்ப்பாண மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடமாக எழுதிவருகிறார். கூடி அழ விடாவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வருத்தக்காரர் ஆகிவிடுகிறார்கள், கிளினிக் வரிசையில் நான் கண்டது இதுதான்.

ஆனால் கொட்டிலில் இருப்பதும், ஸ்காபரோ அறையில் இரவு இரண்டு மணிக்குத் தனியாகப் போனைத் தடவுவதும் ஒன்றில்லை. முதலாவதில் பக்கத்தில் ஆள் உண்டு. ஃபேஸ்புக்கோ, செம்மணிச் செய்திக்குப் பின்னால் 2009 பிணங்களின் வீடியோவைத் தானாக ஓடவிடும். ஆகவே தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள், இரவில் போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், பகலில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தியைப் பாருங்கள். ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் நாளுக்கு அங்கே கூட்டம் நடந்தால் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். மே மாதமும் அண்ணாவின் பிறந்தநாளும் வரும் கிழமைகளில் அம்மா கூடச் சோர்வார், அதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். கனடாவில் 988, ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கு 1926, இரண்டும் இரவுபகல் எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கணக்குப் பார்த்தால் 2009இல் உங்களுக்குப் பத்துப் பதினொரு வயது. அந்தப் பாலத்தடியில் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தானே? காணாமல்போன அண்ணாவுக்கு வயது ஏறுகிறது, பிழை ஏறுவதில்லை. பக்கத்தில் இருக்கிற தம்பிதான் நேரம் பிந்தி வருகிறவன், கறி காணாது என்கிறவன். இப்படிப்பட்ட தம்பி தங்கச்சிமாரை நிறையக் கண்டிருக்கிறேன், யாரும் அவர்களை ஒன்றும் கேட்பதில்லை. உரைபெயர்ப்பாளரோடு அம்மா உள்ளே இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் வெளியே சும்மா இருக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு நேரம் எடுத்துவையுங்கள். அன்றைக்கு அண்ணா பஸ்ஸில் ஏறமுன் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று எனக்கு எழுதுங்கள், சொல்ல மனம் வந்தால்.